வீட்டுக் கட்டட அனுமதியும் நிலப் பயன்பாட்டு விதிகளும் (இருங்காட்டுக்கோட்டை வட்டாரம்)

கட்டட அனுமதி என்பது ஒரு நிலத்தில் புதிய கட்டடம் எழுப்பவோ, இருக்கும் கட்டடத்தை விரிவாக்கவோ, அதன் பயன்பாட்டை மாற்றவோ உரிய அரசு அமைப்பிடம் முன்கூட்டியே பெற வேண்டிய எழுத்து வடிவ ஒப்புதல் ஆகும். நிலப் பயன்பாட்டு விதிகள் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் தொழிற்சாலை அமையலாம் என்பதை வரையறுக்கின்றன. நிலம் வீட்டுக்கு உரியதாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல வரைபடம் போட்டாலும் அனுமதி கிடைக்காது. ஆகவே வீடு கட்டுவோரின் முதல் வேலை வரைபடம் அன்று. நிலத்தைப் பற்றிய விசாரணையே.

இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டம், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதிகளை விளக்குகிறது.

பின்னணி

இருங்காட்டுக்கோட்டை, சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். 1990இல் இங்கு மகிழுந்துப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சிப்காட் தொழிற்பூங்காவும் 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் மகிழுந்து ஆலையும் ஊரின் முகத்தை மாற்றின. தொடர்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளிலும் தொழிற்பூங்காக்கள் உருவாயின.

தொழிலாளர்கள் பெருகியதால் வீட்டுமனைகளின் விலையும் வாடகை அறைகளின் தேவையும் உயர்ந்தன. ஏரிப்பாசன வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. தரைத்தளத்தில் குடியிருந்தபடியே மேலே சில அறைகள் கட்டி வாடகைக்கு விடுவது பல குடும்பங்களுக்கு வருமான வழியானது. அனுமதி தொடர்பான சிக்கல்கள் பெரும்பாலும் இவ்விரண்டு இடங்களில்தான் எழுகின்றன: அங்கீகாரம் இல்லாத மனையை வாங்குவது, வீட்டுக்குப் பெற்ற அனுமதியைக் கொண்டு விடுதி நடத்துவது.

சட்ட அடிப்படை

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இத்துறையின் தாய்ச் சட்டம் ஆகும். முழுமைத் திட்டம் தயாரித்தல், நிலங்களை மண்டலங்களாகப் பிரித்தல், திட்ட அனுமதி வழங்குதல், விதிமீறல் மீது நடவடிக்கை எடுத்தல் ஆகியவை இச்சட்டத்தின் கீழ் வருகின்றன. முன்பு மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எனத் தனித்தனியே இருந்த கட்டட விதிகள், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மூலம் ஒன்றாக்கப்பட்டன. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகையால், முன்பு வீடு கட்டிய அண்டை வீட்டாரின் அனுபவம் இன்றைய விதிக்குச் சான்றாகாது.

நிலப் பயன்பாட்டு மண்டலங்கள்

முழுமைத் திட்டம் உள்ள பகுதிகளில் ஒவ்வொரு புல எண்ணும் ஏதேனும் ஒரு மண்டலத்தில் அடங்கும். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலியன முக்கிய மண்டலங்கள். வேளாண்மை அல்லது தொழில் மண்டலத்தில் உள்ள நிலத்தில் தனி வீடு கட்ட விரும்புபவர், பெரும்பாலும் முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம் பெற வேண்டியிருக்கும். மாற்றம் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. முழுமைத் திட்டம் இல்லாத ஊர்களிலும் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி தேவை. நன்செய் நிலமானால் ஆய்வு மேலும் கடுமையாக இருக்கும்.

பட்டாவில் பெயர் இருப்பதும் நிலம் குடியிருப்பு மண்டலத்தில் இருப்பதும் வெவ்வேறு. பட்டா, நிலம் யாருடையது என்பதைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம். அதில் என்ன கட்டலாம் என்பதைத் திட்ட வரைபடமே சொல்லும்.

மனைப்பிரிவு அங்கீகாரம்

வயலையோ மேட்டு நிலத்தையோ மனைகளாகப் பிரித்து விற்பவர், நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதலைப் பெற வேண்டும். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்பனைக்கு விளம்பரப்படுத்தும் முன், 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கான ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் மனை" என்று விளம்பரங்களில் வரும் சொல் பலரை ஏமாற்றியிருக்கிறது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் போட்ட முத்திரை, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. வாங்குபவர் ஒப்புதல் எண்ணையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கேட்டு, தாம் வாங்கும் மனை எண் அதில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று குறிக்கப்பட்ட இடம் மனையாக விற்கப்படுவதும் உண்டு.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பின்னர் 2017இல் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20ஆம் நாள் வரை விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த இவ்விதிகள் வழி செய்தன. நீர்நிலை, அரசுப் புறம்போக்கு போன்ற இடங்களில் அமைந்த மனைகளுக்கு இச்சலுகை இல்லை. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குபவர் அதன் வரன்முறை ஆணையையும் சேர்த்துப் பெறுவது அவசியம்.

அனுமதி வழங்கும் அமைப்புகள்

கிராம ஊராட்சியில் ஊராட்சித் தலைவரே செயல் அலுவலர். சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு உள்ளாட்சி அளவிலேயே அனுமதி வழங்க அதிகாரம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பெரிய கட்டடங்களுக்குத் திட்டமிடல் அமைப்பின் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. திருப்பெரும்புதூர் வட்டாரமும் இவ்விரிவாக்கத்தில் வருகிறது. எனவே தம் புல எண்ணுக்கு விண்ணப்ப நாளில் உரிய அமைப்பு எது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு அறிவதும், ஒற்றைச் சாளர இணையதளத்தில் சரிபார்ப்பதும் நல்லது.

சிப்காட் பூங்காவுக்குள் உள்ள மனைகள் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகையில் ஒதுக்கப்படுபவை. அவை தனிநபர் வீடு கட்டுவதற்கு உரியவை அல்ல.

சுயசான்று முறை

சிறிய வீடுகளுக்கான சுயசான்று முறை 2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. இதற்கான வரம்புகள்:

* மனைப் பரப்பு 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும்.
* கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும்.
* தொடங்கப்பட்டபோது தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் மட்டுமே இருக்கலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது.
* தொடங்கப்பட்டபோது உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே 5 சென்ட் மனை (2,178 சதுர அடி) இம்முறைக்குள் வரும், 6 சென்ட் மனை (2,613.6 சதுர அடி) வராது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வரும்.

தகுதியுள்ளவர் ஆவணங்களையும் வரைபடத்தையும் இணையத்தில் பதிவேற்றினால், முன் ஆய்வுக்காகக் காத்திராமல் உடனே அனுமதி பெறலாம். கூர்ந்தாய்வுக் கட்டணத்துக்கும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. விவரங்கள் உண்மை என்று கையொப்பமிடுபவர் உரிமையாளரே. அலுவலர் பார்த்துத் திருத்தும் கட்டம் இதில் இல்லாததால், தவறான தகவல் தந்தால் முழுப் பொறுப்பும் அவரையே சேரும். அனுமதி விரைவாகக் கிடைப்பது, நிலத்தின் குறை தீர்ந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி அன்று.

தேவையான ஆவணங்கள்

பதிவு செய்த கிரயப் பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை, பதிவுபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் தயாரித்த வரைபடம் ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். ஏரி, கால்வாய் ஓரமாக இருந்தாலோ வெள்ளம் தேங்கும் இடமாக இருந்தாலோ நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்கப்படும். செம்பரம்பாக்கம் ஏரி அண்மையில் உள்ள இவ்வட்டாரத்தில் இதைச் சடங்காகக் கருதக் கூடாது. 2015 டிசம்பரில் அவ்வேரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

அளவு விதிகள்

*தளப்பரப்புக் குறியீடு:* எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. உயரமற்ற கட்டடங்களுக்குப் பொதுவான வரம்பு 2. எடுத்துக்காட்டாக, 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். எனினும் உயர வரம்பும் காலியிட விதியும் இந்த அளவை மேலும் குறைக்கக்கூடும்.

*காலியிடம்:* கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம் இது. முன்புறக் காலியிடம் எதிரே உள்ள சாலையின் அகலத்துக்கு ஏற்பக் கூடும். தீயணைப்பு, காற்றோட்டம், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்காகவே இது விடப்படுகிறது.

*மின்கம்பி இடைவெளி:* 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேல்நோக்கில் 3.7 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். மின்னழுத்தம் உயர உயர இடைவெளியும் கூடும். தொழிற்பூங்காக்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் உயரழுத்தக் கம்பிகள் செல்லும் ஊர்களில், மாடி எழுப்பும் முன் இதை அளந்து பார்ப்பது உயிர் காக்கும்.

*மழைநீர் சேகரிப்பு:* 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரை மாற்றுதல் போன்ற பராமரிப்புப் பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. கூடுதல் தளம் எழுப்புவதற்குத் தேவை.

வாடகை அறைகளும் விடுதிகளும்

சட்டத்தின் பார்வையில், ஒரு செங்கல்லும் சேர்க்காமல் வீட்டை விடுதியாக மாற்றுவதும் "மேம்பாடு" என்பதில் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுவது வேறு. கட்டில்களைப் போட்டு ஆள் கணக்கில் வாடகை வாங்குவது வேறு. பெண்கள் தங்கும் விடுதியாக இருந்தால், 2014ஆம் ஆண்டின் மகளிர், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டப்படி உரிமமும் பெற வேண்டும்.

இவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. நான்கு பேருக்குத் திட்டமிட்ட கழிவுநீர்த் தொட்டியையும் ஒரே படிக்கட்டையும் இருபது பேர் பயன்படுத்தும்போது, நோய்க்கும் தீ விபத்துக்கும் முதலில் ஆளாவோர் அங்கே தங்கியிருக்கும் தொழிலாளர்களே. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவ்வட்டாரத்தின் தங்குமிடத் தேவை எவ்வளவு பெரியது என்பதை அந்த எண்ணே காட்டும்.

விதிமீறலின் விளைவுகள்

அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ கட்டினால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி பணியை நிறுத்தவும், கட்டியதை அகற்றவும் அறிவிப்பு வரலாம். கட்டடம் பூட்டி முத்திரையிடப்படவும் கூடும். வங்கிக் கடன் கிடைப்பதும் பிற்காலத்தில் விற்பதும் கடினமாகும். நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் கட்டடங்களுக்கு அது இல்லாமல் மின் இணைப்பு பெறுவதும் சிக்கலாகும். பரப்பு, உயரம், வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் வரம்புக்கு உட்பட்ட சிறிய குடியிருப்புகளுக்கு இச்சான்றிலிருந்து விலக்கு உண்டு.

அறிவிப்பு பெற்றவருக்கு மேல்முறையீட்டு உரிமை உள்ளது. காலக்கெடு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதால், அதை மடித்து வைத்துவிடாமல் உடனே எழுத்தில் பதில் தர வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை

முன்பணம் கொடுக்கும் முன் பின்வரும் வரிசையில் சரிபார்ப்பது பயன் தரும்.

1. நிலம் விற்பவருடையதா? (பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று)
2. நீர்நிலை, புறம்போக்கு, உயரழுத்தக் கம்பி ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கிறதா? (புலப்படம், நேரடிப் பார்வை)
3. எந்த மண்டலத்தில் உள்ளது?
4. மனைப்பிரிவு அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ உள்ளதா?
5. அனுமதி தரும் அமைப்பு எது?
6. திட்டமிடும் கட்டடம் அளவு விதிகளுக்குள் வருகிறதா?

முதல் நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு விடை "இல்லை" என்று வந்தாலும், ஐந்தாவது கேள்விக்குப் போக வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் பின்வாங்கினால் இழப்பு சில நாள் அலைச்சல் மட்டுமே. கடைக்கால் தோண்டிய பிறகு பின்வாங்கினால் இழப்பது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு.