ஒரு துறைமுகமும் சில கோப்பைகளும்

வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறி, இரண்டு நாள் சிங்கப்பூரில் தங்கி, அவ்வூரின் பிரசித்தி பெற்ற காக்டெயில் மதுக்கூடங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்னபோது, நண்பர்களில் பாதிப் பேர் என் தேக சௌக்கியத்தைப் பற்றியும் மீதிப் பேர் என் ஒழுக்கத்தைப் பற்றியும் விசாரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நம் பக்கத்தில் ‘பார்’ என்ற சொல் காதில் விழுந்ததும், தகரக் கூரையும், பிளாஸ்டிக் டம்ளரும், தண்ணீர்ப் பாக்கெட்டும், ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரும் பார்ப்பதற்குமுன் வெளியேறிவிடத் துடிக்கும் மனிதர்களுமே மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஒரு கோப்பையை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, அதில் சேர்ந்த சரக்குகள் எந்தெந்தத் தேசத்திலிருந்து எப்படி வந்தன என்று விசாரித்துக்கொண்டிருப்பதும் ஒரு பொழுதுபோக்காகக் கூடும் என்பதை நம்ப வைப்பது சிரமந்தான். ஒரு மாலைக்கு இரண்டு கோப்பைக்குமேல் தொடாத அற்பக் குடியன் நான்; ஆகவே, இதைப் படிப்பவர்கள் என்னைத் தீர்த்த யாத்திரை எழுதும் ஒருவனாகவே பாவித்துக்கொள்ளலாம்.

காக்டெயில் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு அநேக கதைகள் உண்டு. ஒன்றையும் நம்பவேண்டிய அவசியமில்லை. 1806-ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகை, வாசகர் ஒருவரின் கேள்விக்கு விடையாக, ஏதேனும் ஒரு சாராயமும் சர்க்கரையும் தண்ணீரும் கசப்புச் சாறும் கலந்ததே காக்டெயில் என்று லட்சணம் வகுத்தது. அதற்கும் மூத்த பாட்டி ஒருத்தி உண்டு. ‘பஞ்ச்’ என்பது அவள் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவர் 1632-இல் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் தலைகாட்டுகிறது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைத் திரவியம் என ஐந்தும் சேர்வதால், நம் பஞ்சாமிர்தத்தில் உள்ள அதே ‘பஞ்ச’ தான் அதற்கும் பெயராயிற்று என்பர். அப்படியானால், பழனி மலைப் பிரசாதமும் லண்டன் சீமான்களின் விருந்துப் பானமும் பெயரளவிலாவது பங்காளிகள் என்று ஆகிறது.

சரக்குகளைச் சேர்த்துவிட்டால் மட்டும் காக்டெயில் ஆகிவிடாது. பழச்சாறு சேர்ந்த பானத்தைப் பனிக்கட்டியோடு மூடிய உலோகப் பாத்திரத்தில் இட்டுக் குலுக்குவார்கள். காற்றுக் குமிழிகள் புகுந்து பானம் நுரைத்து வரும். வெறும் மதுவகைகள் மட்டுமே சேர்ந்ததை நீண்ட கரண்டியால் நிதானமாகக் கலக்குவார்கள். அது பளிங்குபோல் தெளிந்து நிற்கவேண்டும். இரண்டிலும் பனிக்கட்டி கரைந்து இறங்கும் தண்ணீர் ஓர் உறுப்பே ஆகும். குறைந்தால் தொண்டை எரியும், மிகுந்தால் சப்பென்று போகும். கை சில்லிடுவதைக்கொண்டே அந்தப் பதத்தை அறிந்து நிறுத்துகிற பார்டெண்டருக்கும், பாகு கம்பிப் பதம் வந்ததை விரலால் அறிகிற நம் வீட்டுக் கிழவிக்கும் வித்தியாசம் உடையில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்த யாத்திரையை எங்கே தொடங்குவது என்பதில் சந்தேகமே இல்லை. பீச் ரோட்டில், ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்று, கடல் தூர்க்கப்பட்டுவிட்டதால் இப்போது கட்டடங்களைப் பார்த்து நிற்கும் ராஃபிள்ஸ் ஹோட்டலை, ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-இல் பத்தே அறைகள் கொண்ட ஒரு பங்களாவாகத் தொடங்கினார்கள். வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கிய வாயிற்காப்போர் நிற்பது இன்றும் அதன் அடையாளம். 1902-இல், எங்கிருந்தோ தப்பி வந்த புலி ஒன்று இந்த ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் புகுந்துகொள்ள, அருகிலிருந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்து அதைச் சுட்டாராம். பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் சுட்டார் என்று சொல்வோரும் உண்டு. கூடமே தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்ததால் புலி ஒளிந்தது தரைக்கு அடியில்தான். ஆனாலும் மேஜைக் கதைக்கே செலாவணி அதிகம்.

இந்த ஹோட்டலின் லாங் பாரில்தான், ஹைனான் தீவைச் சேர்ந்த சீனரான ஙியாம் தோங் பூன் என்ற பார்டெண்டர், 1915-ஆம் ஆண்டு வாக்கில், ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற இளஞ்சிவப்புப் பானத்தை உண்டாக்கினார் என்பது ஹோட்டலாரின் வரலாறு. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது அநாகரிகமென்று கருதப்பட்ட காலத்தில், பார்ப்பதற்குப் பழரசம்போலத் தோன்றும்படி ஒரு பானத்தை அவர் செய்து கொடுத்தாராம். ஆராய்ச்சிக்காரர்கள் இதை முழுவதும் ஒப்புவதில்லை. 1922-இல் ராபர்ட் வெர்மெய்ர் என்பவர் வெளியிட்ட காக்டெயில் புத்தகத்தில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ஜின் உண்டு, பெனடிக்டின் உண்டு, செர்ரி பிராந்தி உண்டு. அன்னாசிப் பழச்சாறு மட்டும் இல்லை. ஆகவே, இன்று நாம் பருகுவது ஙியாம் கலந்தது தானா என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. எனக்கு விசேஷமாகத் தோன்றியது, அந்தக் கோப்பையில் அடங்கியிருக்கும் பூகோளந்தான்.

ஜின் இங்கிலாந்தின் சரக்கு. செர்ரி மது, கோபன்ஹேகனில் 1818-இல் பிறந்த ஹீரிங். குவாந்த்ரோ என்னும் ஆரஞ்சு மது பிரான்சின் ஆஞ்ஜே நகரத்தது. பெனடிக்டின், நார்மண்டிக் கடற்கரையில் ஃபேகாம் என்ற ஊரில் 27 மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்த்து வடிக்கப்படுவது. அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாற்றை, வெனிசுவேலாவில் ராணுவ வைத்தியராக இருந்த ஜெர்மானியர் ஒருவர், வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக 1824-இல் செய்தார்; பிற்பாடு அந்தத் தொழில் டிரினிடாடுக்குக் குடிபெயர்ந்தது. இத்தனை தேசத்துப் பொருள்களும் நீராவிக் கப்பல்களில் ஏறி வந்து இறங்க, அவற்றை எதிர்கொண்டழைப்பதுபோல் இந்த மண்ணின் அன்னாசியும் எலுமிச்சையும் வந்து சேர்ந்தன. இதை எந்த மலைநாட்டு நகரத்திலும் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. துறைமுகத்துச் சுங்கக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பனிக்கட்டியோடு குலுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அது. ருசியைக் கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சற்றே தித்திப்பு அதிகம், அன்னாசி நுரை அழகாக நிற்கிறது, இரண்டாவது கோப்பை தேவைப்படவில்லை.

லாங் பார் இப்போது இருப்பது பழைய இடத்தில் அல்ல. 1991-ஆம் ஆண்டுப் புனருத்தாரணத்துக்குப் பிறகு மாடிக்கு ஏறிவிட்டது. மலாயாத் தோட்டக்காரர்களின் பங்களாவை நினைவூட்டும் மர வேலைப்பாடும், கூரையில் பனையோலை விசிறிகள் போல் வரிசையாக அசையும் பங்காக்களும் பார்க்க இதமாகவே இருக்கின்றன. மேஜைதோறும் சணல் பையில் தோலோடு வேர்க்கடலை வைத்திருக்கிறார்கள். உரித்துத் தின்று தோலைத் தரையிலேயே போடுவது சம்பிரதாயம். ஒரு காகிதத் துண்டைக் கீழே போட்டாலும் அபராதம் கட்டவேண்டிய ஊரில் இந்த ஒரு கூடத்துக்கு மட்டும் விலக்கு. மற்ற தேசத்தார் அதை வியந்து படம் பிடித்துக்கொண்டிருக்க, மெரீனாக் கடற்கரையில் கடலைப் பொட்டலத்தோடு வளர்ந்த நான் ஒருவன்தான் அங்கே யாதொரு கூச்சமும் இல்லாமல் தோலை உதறிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நார்த் பிரிட்ஜ் ரோட்டில், பார்க்வியூ ஸ்கொயர் என்றொரு மாளிகை நிற்கிறது. பார்த்தால் 1930-ஆம் ஆண்டு நியூயார்க்கில் எழுப்பியதுபோலத் தோன்றும். உண்மையில் 2002-இல் முடிந்த கட்டடம் அது. பழைமையை வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும் புதுக் கட்டடங்கள்மீது எனக்கு இயல்பாகவே ஒரு வெறுப்பு உண்டு. ஆனால், அதன் தரைத்தளத்தில் 2017 முதல் நடந்துவரும் அட்லஸ் என்ற மதுக்கூடத்துக்குள் நுழைந்து, ஓவியங்கள் தீட்டிய அந்த உயரமான விதானத்தை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், அந்த வெறுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எதிரே, ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்குக் கர்ப்பக்கிருகம்போல் ஒரு கோபுரம். அதன் அடுக்குகள் நிறைய ஜின் பாட்டில்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். ஜின் என்பது ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டுச் செடியின் காயை வாசனைக்காக இட்டு வடிக்கும் சாராயம். மணமற்ற சாராயத்தில் எந்த மூலிகையை வேண்டுமானாலும் ஊறவைத்து வடிக்கலாம் என்பதால், கொத்தமல்லி விதையும் ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலுமாக, வடிப்பவர் கைமணத்துக்கு ஒன்றாக வகைகள் பெருகிவிட்டன. இங்கே கேட்கவேண்டியது மார்ட்டினி. ஜின்னோடு வெர்மூத் என்னும் மூலிகைத் திராட்சை மதுவும் ஆரஞ்சுக் கசப்பும் போதாமல், ஷாம்பேன் வினிகரும் சொட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதன் வாசனை முதலில் வருகிறது, குளிர்ச்சி பிறகு வருகிறது, காரம் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து சேர்கிறது. மாலையில் அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதை ஞாபகத்தில் வைக்க.

தஞ்சோங் பகாரில் அமரா ஹோட்டலுக்குள் இருக்கும் ஜிக்கர் அண்ட் போனி, பானப் பட்டியலை ஒரு பத்திரிகையாகவே அச்சிட்டுத் தருகிறது; ஆசியாவின் சிறந்த 50 மதுக்கூடங்களின் வரிசையில் 2020-இல் முதலிடம் பெற்றது. ஆர்ச்சர்ட் பக்கத்து மன்ஹாட்டன் அந்த வரிசையில் 2017-லும் 2018-லும் முதலிடத்தில் இருந்தது. அது இருக்கும் ஹோட்டலுக்குள்ளேயே பீப்பாய் அறை வைத்து, கலந்த பானத்தை மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். இரண்டும் குறைசொல்ல முடியாதவை. எனினும், அவற்றை எந்தப் பெருநகரத்தில் தூக்கி வைத்தாலும் பொருந்திவிடும் என்பதே எனக்கு அவற்றிடம் உள்ள மனத்தாங்கல். பெயர் சொல்ல விரும்பாத வேறோர் இடத்தில், கண்ணாடிக் கூண்டைத் திறந்து என் முகத்தில் சாம்பிராணிப் புகைபோல் ஒன்றைப் பரப்பிவிட்டு, பானத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார்கள். பானத்தைவிடப் பிரசங்கத்தில் காரம் அதிகமாக இருந்தது.

அமோய் தெருவுக்குப் போனபோதுதான் மறுபடியும் ஊரின் மணம் வந்தது. அந்தப் பழைய சீனக் கடைவீட்டு வரிசையில், விஜய் முதலியார் என்ற சிங்கப்பூர்த் தமிழர் 2016-இல் ‘நேட்டிவ்’ என்ற மதுக்கூடத்தைத் தொடங்கினார். ஐரோப்பியச் சரக்கை ஒதுக்கிவிட்டு, இந்திய ரம், தாய்லாந்து ரம், இலங்கைத் தென்னஞ்சாராயம் என ஆசிய மதுவகைகளையே கொண்டு, சுற்றுப்புறத்தில் பறித்துவந்த இலை தழைகளையும் சேர்த்துக் கலப்பது அவர் கொள்கை. அவருக்குப் பெரிய கீர்த்தியைத் தேடித் தந்தது எறும்பு சேர்த்த ஒரு பானம். கேட்டவுடன் முகம் சுளிக்க வேண்டாம். எறும்பின் உடலில் உள்ள அமிலம் எலுமிச்சையைப்போலப் புளிக்கும் என்பது மாமரத்தில் ஏறி முசுறிடம் கடிபட்ட எந்தச் சிறுவனுக்கும் எட்டக்கூடிய விஷயந்தான். கப்பலில் வந்த சரக்கால் ஙியாம் செய்ததை, நூறாண்டு கழித்துக் காலடியில் கிடைத்த சரக்கால் முதலியார் செய்தார்.

அடுத்த தெரு தெலோக் ஆயர். தூர்ப்பதற்குமுன் அதுவே கடற்கரை; தமிழகத்துக் கரையிலிருந்து வந்திறங்கிய சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் அங்கே எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு அதன் வாசலில் நின்றபோது, இவ்வூரில் நம்மவர்கள் எங்கே அமர்ந்து குடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துரைமார் லாங் பாரில் ஸ்லிங் பருகிய காலத்தில், துறைமுகத்திலும் சாலையிலும் உழைத்த தமிழ்க் கூலிக்கு வாய்த்தது கள்ளுக்கடை. அந்தக் கடைகள் எல்லாம் பிற்பாடு மூடப்பட்டுப் போயின. அவற்றுக்கு ஒரு புனருத்தாரணமும் நடக்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவ்வூர்த் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்பார்கள். நல்ல இடத்தில் ஒரு கோப்பை இருபத்தைந்து முப்பது வெள்ளி; ராஃபிள்ஸின் ஸ்லிங் அதற்கும் மேல். பட்டியலில் உள்ள விலையோடு பத்து சதவீதச் சேவைக் கட்டணமும், அதன்மேல் ஒன்பது சதவீத வரியும் ஏறும். ஆகவே, லாவ் பா சாட் போன்ற உணவங்காடி ஒன்றில் வயிற்றை நிரப்பிக்கொண்டு போவது உசிதம். பர்ஸுக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மது கிடையாது. இரவு பத்தரைக்குமேல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். லிட்டில் இந்தியாவிலோ, 2013-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, சனிக்கிழமை காலை முதல் திங்கட்கிழமை காலை வரை தெருவில் நின்று ஒரு வாய் பியர்கூடக் குடிக்கமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பக்கம் போனேன். புல்தரையில், கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர், எங்கெல்லாம் சுற்றினீர்கள் என்று கேட்க, நான் ஸ்லிங்கின் விலையைச் சொன்னேன்.

“நாப்பது வெள்ளியாண்ணே? நான் ஒரு வாரச் சாப்பாட்ட முடிச்சிருவேன். அப்படி என்னதான் இருக்கு அதுல?”

ஜின், செர்ரி, ஆரஞ்சு, மூலிகைச் சாறு, அன்னாசி, எலுமிச்சை என்று விரல் மடக்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கைப்பேசியில் எடுத்திருந்த படத்தையும் காட்டினேன். அவர் அந்த இளஞ்சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது ஜூஸுண்ணே. ஒங்கள ஏமாத்திட்டாங்க.”