அம்பாறையின் ஏறு பாறைகள்

சாய்ந்தமருது, கல்முனைக் கரையோரம் மணலும் வயலுமாகவே கிடக்கிறது. பாறை ஏற விரும்புகிறவர் தெற்கே பொத்துவிலுக்கோ, மேற்கே அம்பாறை நகரைத் தாண்டியோ போகவேண்டும். அங்கே சமதரையில் ஒற்றை ஒற்றையாகக் கற்குன்றுகள் எழுந்து நிற்கின்றன.

இலங்கையின் கிழக்கைப் புவியியலாளர் விஜயன் தொகுதி என்பர். ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த நைஸ் பாறை இது. மேலிருந்த மண்ணும் கல்லும் அரிபட்டுப் போனதும், சுமை குறைந்த பாறை விரிந்து வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரிந்தது. குன்றுகள் உருண்டு வழுவழுப்பாக இருப்பது இதனால்தான்.

ஏறும் முறையையும் இந்த அமைப்பே தீர்மானிக்கிறது. விரல் நுழைக்க வெடிப்புகள் குறைவு. காலின் உராய்வே பிடிமானம். இறுக்கமான றப்பர் அடிச் சப்பாத்தின் முன்பாதியை முழுவதுமாகப் பதித்து, குதிக்காலைத் தாழ்த்தி, உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கி நிற்கவேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுத்தால் பாதத்தில் விழும் பாரம் குறைந்து கால் வழுக்கும். மழை பட்ட கரும்பாசித் திட்டில் எந்தச் சப்பாத்தும் நிற்காது. எனவே மாரியில் ஏறக்கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் பாறை காய்ந்திருக்கும். ஆனால் முற்பகலிலேயே கை வைக்க முடியாதபடி சுடும்.

அறுகம்குடாவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள யானைப்பாறை எளியது, வெறுங்காலோடும் ஏறுகிறார்கள். சியம்பலாண்டுவைக்கு அருகே 550 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோவிந்த மலை செங்குத்தானது. அதன் தோற்றத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயரிட்டனர். 13ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த கலிங்க மாகனுக்கு எதிராக நின்ற இளவரசன் புவனேகபாகு இதன் உச்சியைக் கோட்டையாக்கினான் என்கிறது வரலாறு. பாணமைக்கு அப்பாலுள்ள குடும்பிகலையும் அம்பாறை - மகா ஓயா வீதிப்பக்கத்து இராஜகலையும் பழைய பௌத்தத் துறவிகளின் குகைகள் நிறைந்தவை.

இந்த வரலாறுதான் விளையாட்டுக்கு எல்லையும் வகுக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கும் இடங்களில் கயிறு மாட்டப் பாறையைத் துளைத்து ஆணி அடிக்க முடியாது. அது சரியான தடையே. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கல்வெட்டைவிட ஒருவரின் ஏறுபாதை பெரிதல்ல. தொல்பொருட்கள் இல்லாத குன்றுகளிலும் உரிய அனுமதி பெற்றே ஆணி அடிக்கவேண்டும். டோக்கியோவில் 2021இல் ஒலிம்பிக்கில் அரங்கேறிய இந்த விளையாட்டைப் பழக, பாடசாலை மைதானத்தில் எழுப்பும் செயற்கைச் சுவரே போதும்.

ஏறப் போகிறவர் பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தமும் புகையும் தேனீக்களைக் கிளப்பிவிடும். அடிவாரக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. ஊர் தெரிந்தவர் துணையின்றிப் போகாதீர்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள்.