எழுதிய நூல்கள் எங்கே போயின?

சிறு நூலகம் ஒன்றின் பதிவேட்டைக் கணிப்பொறியில் அமைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிப் பாடத்தில் உள்ள புரோகிராமைப் பார்த்துப் பைத்தான் மொழியில் எழுதுகிறீர்கள். முதல் நாள், உறுப்பினர் ஒருவரின் பெயரையும் அவருக்கென ஒரு வெற்றுப் பட்டியலையும் சேமித்தாயிற்று. மறுநாள் அவர் இரண்டு நூல்களை எடுத்துச் செல்கிறார். அவற்றைப் பட்டியலில் சேர்த்து மீண்டும் சேமிக்கிறீர்கள். திரையில் இரண்டும் தெரிகின்றன. மூன்றாம் நாள் திறந்தால் பெயர் இருக்கிறது, நூல்களைக் காணோம்! பிழைச் செய்தி என்று ஒரு வரிகூட வந்திருக்காது.

இந்தப் பாடத்தில் பயன்படுவது இசட்.ஓ.டி.பி. என்னும் தரவுத் தளம். 'ஜோப்' என்ற இணையப் பணித்தொகுப்புக்காக 1990-களின் பிற்பகுதியில் ஜிம் ஃபுல்டன் என்பார் இதை அமெரிக்காவில் உருவாக்கினார். தகவல்களை வரிசையும் பத்தியுமாகப் பிரித்து அட்டவணையில் அடைக்காமல், பைத்தானின் பொருள்களை உள்ளபடியே வட்டில் வைத்துக் காப்பது இதன் தனித்தன்மை. எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பொருள்களை மாற்றிவிட்டு, முடிவில் 'கமிட்' என்று ஒரே கட்டளை கொடுத்தால் போதும். மாறியவை எவை என்று அதுவே கண்டறிந்து எழுதிக்கொள்ளும்.

எப்படிக் கண்டறிகிறது? 'பெர்சிஸ்டன்ட்' என்னும் மூல வகுப்பிலிருந்து பிறந்த ஒவ்வொரு பொருளுக்கும் வாயிற்காவலர் ஒருவர் இருப்பதாகக் கொள்ளுங்கள். பொருளின் எந்த இயல்புக்கேனும் புது மதிப்பைக் கொடுத்தால் அது அவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். உடனே அவர், 'இந்தப் பொருள் மாறியது' என்று குறித்துக்கொள்வார். கமிட் கட்டளை வந்ததும், குறிக்கப்பட்ட பொருள்கள் மட்டும் வட்டில் எழுதப்படும்.

முதல் நாள் உள்ளே போன வெற்றுப் பட்டியல் ஒரு டிரங்குப் பெட்டி போன்றது. பெட்டி வாயிலைக் கடந்ததைக் காவலர் பார்த்தார். மறுநாள் வீட்டுக்குள்ளேயே அதைத் திறந்து இரண்டு புத்தகங்களை வைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்? பைத்தானின் சாதாரணப் பட்டியலில் 'அப்பெண்டு' செய்வது இவ்வாறு பெட்டிக்குள் வைப்பதே. உறுப்பினர் என்ற பொருளின் எந்த இயல்புக்கும் புது மதிப்பு தரப்படவில்லை; ஆகவே குறிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் கணிப்பொறியின் நினைவகத்தில் பட்டியல் மாறித்தானே இருக்கிறது? திரையில் நாம் கண்டது அதைத்தான். வட்டில் உள்ளதை அல்ல.

இதைவிடப் பொல்லாத ஒன்றும் உண்டு. அன்றே அந்த உறுப்பினரின் முகவரியையும் மாற்றினீர்கள் என்றால், காவலர் அதைப் பார்த்துவிடுவார். அப்போது பொருள் முழுவதும், பட்டியலோடு சேர்த்து, வட்டில் எழுதப்பட்டுவிடும். நூல்கள் தப்பித்துக்கொள்ளும்! ஒரு நாள் சேமிக்கிறது, ஒரு நாள் சேமிப்பதில்லை என்று மாணவர்கள் குழம்புவது இதனால்தான். எப்போதும் தவறும் புரோகிராமைத் திருத்துவது எளிது. இடையிடையே தவறுவதுதான் ஆளைக் கொல்லும்.

சோதித்துப் பாருங்கள். இந்தத் தரவுத் தளத்தின் வழக்கமான கோப்பில், ஒவ்வொரு கமிட்டின்போதும் புதிய பதிவு பழையதை அழிக்காமல் கோப்பின் கடைசியில் சேர்க்கப்படுகிறது. எனவே கமிட்டுக்கு முன்னும் பின்னும் கோப்பின் அளவைப் பாருங்கள். அளவு கூடவில்லையானால் எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள். புரோகிராமை முழுவதும் நிறுத்தி மறுபடி தொடங்கிப் படிப்பதும் நல்ல சோதனையே. ஒரே ஓட்டத்திலேயே எழுதி, அதிலேயே படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

பரிகாரம் இரண்டு. பட்டியலை மாற்றியபின், பொருளின் 'பி-சேஞ்சுடு' என்ற சிறப்பு இயல்பை 'உண்மை' என்று நாமே குறித்துவிடலாம். (அதன் பெயரில் பி என்ற எழுத்துக்கு இருபுறமும் அடிக்கோடு வரும்.) ஆனால் மாற்றும் இடந்தோறும் இதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். சாதாரணப் பட்டியலுக்குப் பதில் 'பெர்சிஸ்டன்ட்லிஸ்ட்' என்ற வகையைக் கையாள்வதே மேல் என்பது என் கருத்து. அந்தப் பட்டியலுக்கே தனிக் காவலர் உண்டு. அதற்குள் மறுபடியும் ஒரு சாதாரணப் பட்டியலை வைத்தால் பழைய கதைதான். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால், இத்தரவுத் தளத்துடன் வரும் 'பி-மரம்' என்ற அமைப்பை நாட வேண்டும். ஒரு நூலுக்காகப் பதிவேடு முழுவதையும் திருப்பி எழுதும் வேலை மிச்சம்.

மற்றப் பிழைகள் இவ்வளவு கள்ளத்தனமானவை அல்ல. பழைய பாடங்களில் காணும் 'கெட்-டிரான்சாக்‌ஷன்' என்ற கட்டளை இன்றைய பதிப்புகளில் இல்லை. 'டிரான்சாக்‌ஷன்' தொகுதியை வரவழைத்து அதன் கமிட்டைப் பயன்படுத்த வேண்டும். 'பிரிண்ட்' என்பதற்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால், அப்பாடம் 2008-இல் வந்த மூன்றாம் பைத்தானுக்கு முந்தைய வழக்கில் எழுதப்பட்டது. ஒரே கோப்பை இரண்டு புரோகிராம்கள் நேரடியாகத் திறக்க முயன்றால், பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி வரும்.

இன்னும் ஒன்று. வட்டில் எழுதப்படுவது பொருளின் மதிப்புகளும் அதன் வகுப்பின் பெயரும் மட்டுமே. வகுப்பின் விதிகள் அல்ல. 'உறுப்பினர்' வகுப்பைத் தனிக் கோப்பில் எழுதி, தேவைப்படும் புரோகிராம்கள் அங்கிருந்து அதை வரவழைக்குமாறு செய்யுங்கள். நேரே ஓட்டும் புரோகிராமுக்குள்ளேயே அதை எழுதினால், வேறொரு புரோகிராமில் திறக்கும்போது அந்தப் பெயருக்குரிய வகுப்பு கிடைக்காமல், உடைந்த பொருள்தான் கைக்கு வரும்.