அக்கூஸ்டிக் கித்தாருக்கான மிகைப்பி

அக்கூஸ்டிக் கித்தார் மிகைப்பி என்பது, கித்தாரின் மரப்பலகை அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, அதன் திறனைக் கூட்டி, ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆம்ப்ளிஃபையர் எனப்படுகிறது. பள்ளி இயற்பியல் அறிவும் பற்றவைக்கும் பழக்கமும் உடைய ஒருவர் இதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே அமைக்கலாம்.

தேவை

அக்கூஸ்டிக் கித்தாரின் ஒலி சிறு அறைக்குப் போதுமானது. பலர் சேர்ந்து பாடும் கூடத்தில் அது அமுங்கிவிடும். 2003 ஆம் ஆண்டு தனி மறைமாவட்டமாக அமைக்கப்பட்ட திண்டுக்கல்லிலும், சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் தேவாலயப் பாடற்குழுக்கள் உள்ளன. இத்தகைய குழுக்களில் கித்தார் வாசிப்போருக்குத் தனி மிகைப்பி பயன்படும். கருநாடக இசையிலும் இதையொத்த தேவை எழுந்தது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கமகங்களுக்கு வேண்டிய நீடித்த நாதத்தைப் பெற மின் மாண்டலினைக் கையாண்டார்.

அதிர்விலிருந்து மின்குறிப்பு

சில படிகங்களை அழுத்தும்போது அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதை 1880 இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இது அழுத்தமின் விளைவு எனப்படும். ஒலியெழுப்பிகளில் உள்ள வட்டமான பீசோ தகடு இவ்விளைவால் இயங்குவதே. மின்னணு உதிரிப்பொருள் கடைகளில் இது மலிவாகக் கிடைக்கும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டை, கித்தாரின் மேற்பலகையின் உட்புறத்தில், கம்பிகளைத் தாங்கும் பாலத்திற்கு நேர் கீழே இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டலாம். பற்றவைப்புக் கோலை அதன் வெண்ணிறப் பகுதியில் நெடுநேரம் வைத்தால் தகடு பழுதாகும்.

முதன்மைச் சிக்கல்

பீசோ தகட்டை நேரடியாக மிகைப்பியில் இணைத்தால் ஒலி தகரம்போல் மெலிந்து கேட்கும். திறன் குறைவு இதற்குக் காரணமன்று. தகடு ஏறத்தாழ 20 நானோஃபாரட் மின்தேக்கியைப் போல் செயற்படுகிறது. அதுவும் மிகைப்பியின் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்து, தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வடிப்பியாகின்றன. வடிப்பியின் எல்லை அதிர்வெண், 1 ஐ 2π, மின்தடை, மின்தேக்குதிறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும்.

எல்எம்386 என்னும் தொகுப்புச் சுற்றின் உள்ளீட்டு மின்தடை 50 கிலோ ஓம். எனவே எல்லை சுமார் 160 ஹெர்ட்ஸ் ஆகிறது. கித்தாரின் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸிலும், ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸிலும், நான்காம் கம்பி 147 ஹெர்ட்ஸிலும் ஒலிப்பவை. மூன்றின் அடிச்சுரங்களும் எல்லைக்குக் கீழே விழுந்து வலுவிழக்கின்றன. உள்ளீட்டு மின்தடையை 1 மெகா ஓம் ஆக்கினால் எல்லை 10 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். அடிச்சுரங்கள் முழுமையாகக் கிடைக்கும்.

சுற்று அமைப்பு

ஆகவே தகட்டுக்கும் மிகைப்பிக்கும் இடையே ஓர் இடைநிலைச் சுற்று தேவை. டிஎல்071 என்னும் செயல்பாட்டுப் பெருக்கி இதற்கு ஏற்றது.

* 9 வோல்ட் மின்வழங்கலுக்கு இடையே இரு 10 கிலோ ஓம் மின்தடையங்களைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் பெறவேண்டும். அப்புள்ளியிலிருந்து தரைக்கு 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இணைக்கப்படும்.
* தகட்டின் குறிப்பு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக டிஎல்071 இன் நேர் உள்ளீட்டை அடையும். அவ்வுள்ளீடு 1 மெகா ஓம் மின்தடையத்தால் நடுப்புள்ளியுடன் இணைக்கப்படும்.
* டிஎல்071 இன் எதிர் உள்ளீட்டை அதன் வெளியீட்டுடன் இணைக்கவேண்டும்.
* வெளியீடு 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 10 கிலோ ஓம் ஒலியளவுக் கட்டுப்பாடு ஆகியவற்றின் வழியே எல்எம்386 இன் 3 ஆம் முனைக்குச் செல்லும்.
* எல்எம்386 இன் 2, 4 ஆம் முனைகள் தரையுடனும் 6 ஆம் முனை மின்வழங்கலுடனும் இணையும். 5 ஆம் முனையிலிருந்து 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக 8 ஓம் ஒலிபெருக்கி இணைக்கப்படும்.

1, 8 ஆம் முனைகளை இணைக்காமல் விட்டால் பெருக்கம் 20 மடங்கு. அவற்றிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்தால் அது 200 மடங்காகும். கித்தாருக்கு 20 மடங்கே போதுமானது. தகட்டிலிருந்து வரும் கம்பி உலோக வலையுறை உடையதாக இருக்கவேண்டும். இல்லையேல் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகும்.

ஒலியளவும் பின்னூட்டமும்

இச்சுற்று அரை வாட் அளவே தரும். எனினும் காதுக்கு இருமடங்கு ஒலியாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு திறன் தேவைப்படும். எனவே திறனைச் சிறிது கூட்டுவதைவிட, உணர்திறன் மிக்க பெரிய ஒலிபெருக்கியை மரப்பெட்டியில் பொருத்துவது அதிகப் பயன் தரும்.

ஒலிபெருக்கியின் ஒலி கித்தாரை மீண்டும் அதிரச் செய்தால் ஊளை எழும். இது பின்னூட்டம் எனப்படும். கித்தாரின் உட்காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வதால் ஊளை பெரும்பாலும் அப்பகுதியில் தோன்றும். ஒலிபெருக்கியை விலக்கித் திருப்பி வைப்பதும், ஒலித்துளையை இரப்பர் மூடியால் அடைப்பதும் இதைக் குறைக்கும்.

பாதுகாப்பு

பயில்வோர் மின்கலங்களையே பயன்படுத்துதல் நன்று. ஆறு 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட் கிடைக்கும். சிறிய 9 வோல்ட் மின்கலத்தைவிட இவை நெடுநேரம் உழைக்கும். கித்தார்க் கம்பிகளும் உலோகப் பெட்டியும் சுற்றின் தரையுடன் இணைந்திருக்கக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் வீட்டு மின்சாரம் பழுதால் தரையிணைப்பில் கசிந்தால், கம்பியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. மின்மாற்றி வைத்த வடிவத்தை, நிலத்தொடுப்பும் உருகியும் சரியாக அமைக்கத் தெரிந்தவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யவேண்டும்.