வாசனைப் புகைக்குள் நிக்கோடின்: இ-சிகரெட் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு இ-சிகரெட்டைத் தடைசெய்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. விற்பனையாளர்கள் உடனே கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை விலகவில்லை, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2018-லேயே தடை விதித்துவிட்டது. ஆனாலும் பேனா போலவும் பென் டிரைவ் போலவும் உருமாறி, மாம்பழம், புதினா வாசனையோடு இந்தக் கருவி பிள்ளைகளின் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களும், அந்நகருக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய பெற்றோரும் இதைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறும் நீராவி அல்ல

"இது சிகரெட் இல்லை, நீராவிதான்" என்பது பிள்ளைகள் நம்பும் பொய். பேட்டரி சூடாக்கும் கம்பிச்சுருளில் ஆவியாவது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோடின் ஆகியவற்றின் கலவை. சூடு ஏறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உருவாகின்றன. நிக்கல், ஈயத் துகள்களும் ஆவியில் கலக்கின்றன. நிக்கோடினை உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டை எரிவதில்லை. அதனால் ஆழமாக இழுக்க முடிகிறது. சில வகைகளில் ஒரு சிறு குப்பியிலேயே ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடான நிக்கோடின் இருக்கிறது.

மூளை வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. அந்த வயதுக்குள் பழகினால் அடிமைத்தனம் சீக்கிரம் வேரூன்றும். கவனமும் மனநிலையும் கெடும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் உயரும். மட்டமான பேட்டரி வெடித்துத் தீக்காயம் பட்டவர்களும் உண்டு. குழந்தை அந்தத் திரவத்தை விழுங்கிவிட்டால் வாந்தி, வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். அப்போது வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கள்ளச்சரக்கின் ஆபத்து

இங்கிலாந்தில் சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோடின் கூடாது என்ற வரம்பு இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது. இங்கே விற்பதெல்லாம் கள்ளச்சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

கள்ளச்சரக்கின் விளைவை அமெரிக்கா கண்டது. 2019-இல் தொடங்கிய கடும் நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 68 பேர் இறந்தனர். கள்ளத்தனமாக விற்ற கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

சட்டம் சொல்வது

தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தும் குற்றம். ஆன்லைன் விற்பனைக்கும் இ-ஹூக்காவுக்கும் இது பொருந்தும். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைக்கத் தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாகக்கூடக் கொண்டுவரக் கூடாது.

என்ன செய்யலாம்?

பள்ளி அருகிலோ இணையத்திலோ விற்பதைக் கண்டால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். இதற்காகவே மத்திய சுகாதார அமைச்சகம் 2023 ஜூலையில் தொடங்கிய இணையதளத்திலும் தெரிவிக்கலாம். இடம், நேரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

பிள்ளை பழகிவிட்டது தெரிந்தால் அடிக்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள். பயந்த பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். நிறுத்திய முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். பிறகு படிப்படியாகத் தணியும். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் இ-சிகரெட் பிடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். சரியான சிகிச்சைக்கு அது அவசியம்.

தண்டனை விற்பவருக்கு. பழகிவிட்ட பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சையும் துணையும். அதைத் தருவது நம் கடமை.