ஜித்தாவில் இறங்கிய பின்: உம்ரா பயணிகள் வாகன முன்பதிவில் கவனிக்க வேண்டியவை



உம்ராவுக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் பல இடங்களில் விசாரித்து முடிவு செய்கின்றன. விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் செல்லும் வாகனத்தை மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் கைப்பேசியிலேயே பணம் கட்டிவிட்டு, வந்த ரசீதைப் படிக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்கா ஏறத்தாழ 100 கி.மீ. நள்ளிரவில், இஹ்ராம் உடையில், வயதான பெற்றோருடன் நிற்கும்போது அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கைகொடுக்கும்.

கூலியையும் நிபந்தனைகளையும் முன்பே பேசி முடிப்பது ஷரீஅத் நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அதோடு, இஹ்ராமில் இருப்பவர் வாக்குவாதத்தைத் தவிர்க்க வேண்டியவர். வாசலில் நின்று வாடகைக்குச் சண்டை போடும் நிலை வராமலிருக்க, ஊரிலேயே பின்வருவனவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் குழுவாகச் செல்வோரும், வாகனம் பேக்கேஜில் சேர்ந்ததா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த டெர்மினல்?

ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்தில் டெர்மினல் 1, வடக்கு டெர்மினல், ஹஜ் டெர்மினல் என்று தனித்தனியாக உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்டிகளோடு நடந்து போக முடியாது. "ஜித்தா ஏர்போர்ட்" என்று மட்டும் பதிவு செய்தால் ஓட்டுநர் ஓரிடத்திலும் நீங்கள் வேறிடத்திலும் நிற்க நேரிடும். டிக்கெட்டில் உள்ள டெர்மினலையும் விமான எண்ணையும் கொடுங்கள். விமான எண் இருந்தால்தான், தாமதமானாலும் அவர்கள் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

எந்தத் தேதி?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வியாழக்கிழமை இரவு 9 மணிக்குச் சென்னையில் புறப்படும் விமானம் 6 மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே நள்ளிரவு 12.30, அதாவது வெள்ளிக்கிழமைத் தேதி. புறப்பட்ட தேதியையே பதிந்துவிட்டால் வண்டி முந்தைய இரவே வந்து திரும்பிவிடும். பயணி வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். கட்டிய பணமும் போகும். நம்மவர்கள் வியாழன் மஃக்ரிபுக்குப் பிறகே "வெள்ளி இரவு" என்போம். தொலைபேசியில் அப்படிச் சொல்லாமல், இறங்கும் தேதியையும் அந்நாட்டு நேரத்தையும் எண்ணில் எழுதி அனுப்புங்கள்.

எத்தனை பேர், எத்தனை பெட்டி?

நான்கு பேர் உட்காரும் காரில் நான்கு பெரிய பெட்டிகள் ஏறாது. பெட்டிகளின் எண்ணிக்கையையும் சக்கர நாற்காலி இருப்பதையும் தெரிவித்தால் பெரிய வேன் அனுப்புவார்கள். பலரோடு சேர்ந்து செல்லும் வேனில் கட்டணம் குறைவு. ஆனால் மற்றவர்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், வழியில் மற்ற ஹோட்டல்களிலும் நிற்கும். முதியவர்களோடு செல்வோர் தனி வண்டி எடுப்பதே நல்லது.

எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். இலவசக் காத்திருப்பு எவ்வளவு, அது விமானம் இறங்கியதிலிருந்தா, பதிவு செய்த நேரத்திலிருந்தா, அதற்கு மேல் என்ன கட்டணம் என்று கேளுங்கள்.

ஹோட்டல் வாசல்வரை வருமா?

ஹரம் ஷரீஃபை ஒட்டிய சாலைகள் தொழுகை நேரங்களில், குறிப்பாக ஜும்ஆவிலும் ரமளானிலும், அடைக்கப்படுவதுண்டு. எங்கே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து எவ்வளவு நடை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அஜீஸிய்யா போன்ற தொலைவான பகுதிகளில் "ஷட்டில் உண்டு" என்று ஹோட்டல்கள் சொல்வது பெரும்பாலும் ஹரமுக்குப் போய்வரும் பேருந்தைத்தான். அது விமான நிலையத்திற்கு வராது.

ரயில்

2018இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயிலுக்கு ஜித்தா டெர்மினல் 1இல் நிலையம் உண்டு. ஆனால் மக்கா நிலையம் ருஸைஃபாவில் இருக்கிறது. அங்கிருந்து ஹரமுக்கு மீண்டும் வண்டி பிடிக்க வேண்டும். சுமை குறைந்த இளைஞர்களுக்கு ஏற்றது.

முதலில் மதீனா செல்வோருக்கு

மதீனா விமான நிலையத்திலிருந்து மஸ்ஜிதுன் நபவீ 20 கி.மீ.க்குள்தான். இங்கே சிரமம் குறைவு. ஆனால் மதீனாவிலிருந்து மக்காவுக்கு வண்டி பேசும்போது, துல்ஹுலைஃபாவில் (பிஃர் அலீ) இஹ்ராம் கட்ட நிறுத்த வேண்டும் என்பதைப் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓட்டுநர் நிறுத்தாமல் மீகாத்தைக் கடந்தால் வருத்தப்படுவது நாம்தான். நேராக ஜித்தா செல்வோர் விமானத்திலேயே, மீகாத் எல்லையைக் கடக்கும் முன் இஹ்ராம் நிய்யத் செய்துகொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இஹ்ராம் துணியில் சட்டைப்பை கிடையாது. ரசீது, ஓட்டுநர் எண், அரபியில் எழுதிய ஹோட்டல் பெயர் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, இடுப்புப் பட்டையிலோ கழுத்துப் பையிலோ வையுங்கள். ஒரு பிரதியைக் குடும்பத்துப் பெண்களிடமும் கொடுங்கள். ஓட்டுநர் அழைப்பது நீங்கள் பதிந்த எண்ணுக்குத்தான். அந்த எண்ணில் ரோமிங் வசதி இருக்கட்டும். "டாக்சி, டாக்சி" என்று வந்து பெட்டியைப் பிடிப்பவர் பின்னே போகாதீர்கள். உங்கள் பெயரும் பதிவு எண்ணும் சொல்பவரோடு மட்டும் செல்லுங்கள்.

திரும்பும்போதும் டெர்மினலைச் சரியாகச் சொல்லி, விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பாவது மக்காவிலிருந்து கிளம்புங்கள்.

ரசீது ஆங்கிலத்திலோ அரபியிலோ இருந்து புரியாவிட்டால், பணம் கட்டும் முன்பே அஸருக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். உடனிருந்து வாசித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, உம்ராவை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.