தேடுசொல்லும் தேடுவோரும்: அறிவுசார் குறைபாடு உடையோருடன் இணைந்து வடிவமைத்தல்

கணினியில் ஒன்றைத் தேடுதல் எளிய செயல் எனப் பலராலும் கருதப்படுகிறது. மொழியியல் நோக்கில் அது எளிதன்று. தேடுபவர் முதலில் தம் தேவைக்கு உரிய சொல்லை நினைவிற்குக் கொணர வேண்டும். அதனைப் பிழையின்றி எழுத வேண்டும். பின்னர் வரும் நீண்ட பட்டியலைப் படித்துத் தமக்குரியதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பாடகரின் முகத்தைக் கண்டவுடன் அறிபவரும், அவர் பாடலை முணுமுணுக்கத் தெரிந்தவரும் அவர் பெயரை எழுத இயலாதவராக இருக்கலாம். அவருக்குப் பொருளறிவு உண்டு; எழுத்துவடிவம் மட்டுமே இல்லை. தேடுபெட்டி கேட்பதோ அவ்வடிவத்தையே.

அமெரிக்க நூலகவியலறிஞர் இராபர்ட் டெய்லர் 1968இல் இதனையொத்த கருத்தொன்றை முன்வைத்தார். சொல்லப்படாத தேவை உள்ளத்தில் தெளிந்து, வினாவாக உருப்பெற்று, இறுதியில் நூலக அமைப்பு ஏற்கும் வடிவிற்கு இணங்கி மாறுகிறது என்பது அவர் விளக்கம். அம்மாற்றத்தில் நூலகர் உரையாடித் துணைநின்றார். தேடுபெட்டி வந்தபின் அவ்வுரையாடல் மறைந்து, நூலகர் செய்த வேலை தேடுபவர் தலையில் விழுந்தது. அறிவுசார் குறைபாடு உடையோரிடத்தில் இவ்வேலையைப் பெரும்பாலும் பெற்றோரோ பராமரிப்பவரோ ஏற்கின்றனர். உதவிதான், எனினும் அதற்கு ஒரு விலை உண்டு. பிறர் அறியாமல் கேட்கக்கூடிய வினா எதுவும் அவருக்கு இல்லாமற்போகிறது. உடலைப் பற்றியோ, காதலைப் பற்றியோ, தம்மைப் பராமரிக்கும் இல்லத்தைப் பற்றியோ வயதுவந்த ஒருவர் தனித்து ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியாத நிலை இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை (2006) தன் 21ஆம் பிரிவில் தகவல் பெறும் உரிமையைக் கூறுகிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனவளர்ச்சிக் குறைவு எனப்பட்டது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு எனப் பெயர் மாறியதும் இவ்வுரிமைச் சிந்தனையின் விளைவே.

கருவியைப் பயன்படுத்துவோர் அதன் உருவாக்கத்திலும் பங்கு பெறவேண்டும் என்னும் கோட்பாடு 1970களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் கிறிஸ்டன் நிகார்ட் மேற்கொண்ட பணியில் வேர்கொண்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லோரியான் சிட்பானும் அவர்தம் குழுவினரும் இக்கோட்பாட்டைத் தேடுகருவிகளுக்குப் பொருத்தி, அறிவுசார் குறைபாடு உடையோருடன் இணைந்து ஆய்வு செய்துள்ளனர்.

இத்தகைய ஆய்வில் முதற்சிக்கல் வினாவின் வடிவத்திலேயே எழுகிறது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாக்களுக்கு அறிவுசார் குறைபாடு உடையோர் பொருளை நோக்காது 'ஆம்' என உடன்படும் போக்கினைக் கரோல் சிகல்மனும் பிறரும் 1981இல் எடுத்துக்காட்டினர். தமிழில் ஆகார வினா இவ்வகையினதே. 'இது பிடித்திருக்கிறதா?' என வினவி 'ஆம்' என்னும் விடையைப் பெற்றவர் எதையும் அறிந்தவராகார். இரு படங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தல், உண்மையாகவே ஒன்றைத் தேடவிட்டு உடனிருந்து நோக்குதல் ஆகியவை இதனினும் நம்பத்தக்கவை. நேரம் மிகுதியாகும் என்பதால் இவற்றைத் தவிர்ப்பது முறையன்று.

எழுத்துப்பிழையைக் கணினியே திருத்தும் என்பர். ஃபிரெட் டாமராவ் 1964இல் ஆராய்ந்த பிழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஓரெழுத்துப் பிழைகள்: ஓர் எழுத்து மிகுதல், குறைதல், திரிதல், அல்லது அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுதல். இவை சொல்லின் வடிவத்தை அறிந்தவர் கைதவறிச் செய்பவை. ஒலியைக் கேட்டு எழுதுபவரின் பிழை வேறு. 'வாழைப்பழம்' என்பதனை 'வாளப்பளம்' என ஒருவர் எழுதினால் இரண்டு ழகரமும் ளகரமாகின்றன, ஐகாரமும் கெடுகிறது. ஆயினும் இதில் ஒழுங்கின்மை இல்லை. பேச்சுத்தமிழின் ஒலியமைதி அவ்வாறே எழுத்தில் வந்துள்ளது. ல, ள, ழ, ன, ண, ர, ற ஆகியவற்றை ஒருங்கு நோக்கும் ஒலிவழித் தேடல் இதனை எளிதில் இனங்காணும்.

பேசித் தேடுதல் மாற்றுவழியாகத் தோன்றும். பிரிஸ்பேன் குழுவினர் 2018இல் பேச்சுவழிக் கருவிகளையும் ஆராய்ந்தனர். எழுதும் சுமை அங்குக் குறைகிறது. ஆனால் திருத்தமாக ஒலித்தல், கருவி எதிர்பார்க்கும் நேரத்தில் எதிர்பார்க்கும் தொடரில் பேசுதல் என வேறு சுமைகள் சேர்கின்றன. படக்குறிகளுக்கும் எல்லை உண்டு. உலகப் பொது எழுத்தாக வேண்டுமென்று சார்லஸ் பிளிஸ் 1949இல் வெளியிட்ட குறிகள் 1971இல் டொராண்டோவில், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாக் குழந்தைகளுக்குப் பயன்பட்டன. உருவாக்கியவர் கருதாத பயன் அது. ஆனால் பேருந்திற்குப் படம் வரையலாம். 'வட்டி'க்கு எப்படம் வரைவது?

தமிழ்த் தேடுகருவிகளுக்கு உடனடித் தேவை பேச்சுவடிவங்களே. 'பஸ்ஸு எப்ப வரும்' என்பவருக்கும் 'பேருந்து நேர அட்டவணை' என எழுதுபவருக்கும் விடை ஒன்றே. வழிதான் ஒன்றாக இல்லை. இந்திய மொழிகளுக்கு 1990களில் தொகுக்கப்பட்ட தொடக்ககாலத் தரவகங்கள் அச்சு நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டவை; அவற்றில் 'வாளப்பளம்' இடம்பெற வாய்ப்பில்லை. இனித் தொகுக்கப்படும் தரவுகளில் இத்தகைய எழுத்துகள் திருத்தப்படாமல் சேர்க்கப்படவேண்டும். அதற்கான இசைவைக் காப்பாளரிடம் மட்டுமன்றி எழுதியவரிடமும், அவருக்கு விளங்கும் மொழியில், ஆகார வினாவைத் தவிர்த்துப் பெறவேண்டும்.